எட்டுப் போடுவது யார்? விலக்குப் பெறுவது யார்?

மோட்டார் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. மில் முதலாளியின் மகனானாலும் சரி, அதே மில்லின் பஞ்சு லாரியை ஓட்டும் தொழிலாளியானாலும் சரி, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டும், எல்.எல்.ஆர். வாங்க வேண்டும், இன்ஸ்பெக்டர் முன்னிலையில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும், எட்டுப் போடச் சொன்னால் எட்டுப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் லைசென்ஸ். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு “ஆனால்” ஒளிந்து கொண்டிருக்கிறது. இன்னாருக்கு இந்த விதி பொருந்தாது, இன்னாருக்குக் கூடுதலாக இன்னொரு விதி உண்டு என்று சிறிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறிய எழுத்துக்களைத்தான் இந்த வாரம் நமது வாசகர்களுக்குப் பெரிய எழுத்தில் காட்ட விரும்புகிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். விதிவிலக்கே கூடாது என்று நாம் வாதாட வரவில்லை. ஊனமுற்றவனுக்கு ஒரு விலக்கு, படிக்க வாய்ப்பில்லாதவனுக்கு ஒரு விலக்கு என்று இருந்தால் அதை வரவேற்போம். நாம் கேட்பது வேறு. விலக்கு என்னும் கதவு யார் தட்டினால் திறக்கிறது? யார் தட்டினால் மூடிக் கொள்கிறது?

சம்பளக்காரனுக்கு ஒரு நியாயம்

வெள்ளைக்கார சர்க்கார் 1939ல் செய்த மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துக் கொள்வோம். சுதந்திரம் வந்து 40 ஆண்டுகள் கழிந்த பின்பும், 1989 ஜூலை முதல் தேதி புதிய சட்டம் அமலுக்கு வரும் வரையில், திருத்தங்களோடு நம் தலைமேல் உட்கார்ந்திருந்தது அதுதான். அதிலே “சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவன்” என்று ஒரு தனி ஜாதியையே உண்டாக்கினார்கள். அவனுடைய லைசென்சில் அதற்கென்று தனியாக எழுதப்பட்டிருந்தாலொழிய அவன் கூலிக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மனுவோடு டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டு வர வேண்டும். போட்டோவும் கொண்டு வர வேண்டும்.

சொந்தக் காரைத் தானே ஓட்டும் கனவானுக்கு என்ன விதி? தமக்கு வியாதி எதுவும் இல்லையென்று தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவரிடம் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்க வேண்டுமென்று ஆபீசருக்குத் தோன்றினால், எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணத்தை ஆபீசர் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்!

லாரியும் பஸ்ஸும் பெரிய வண்டிகள், பஸ்ஸிலே 50 உயிர் இருக்கிறது, டாக்டர் பார்க்கத்தான் வேண்டும் என்று சிலர் சொல்லலாம். ஒப்புக் கொள்கிறோம். ஆனால் நாம் குறிப்பிடுவது லாரியையும் பஸ்ஸையும் அல்ல. ஒரே காரை எடுத்துக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எஜமான் ஓட்டுகிறார். அவருடைய கண் நல்ல கண் என்பதற்கு அவருடைய வாக்கே சாட்சி. திங்கட்கிழமை அதே காரை, அதே ரோட்டில், சம்பளம் வாங்கும் டிரைவர் ஓட்டுகிறார். அவருடைய வாக்கு செல்லாது. டாக்டர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். கார் மாறவில்லை, ரோடு மாறவில்லை, எதிரே நடந்து வருகிற ஜனங்களும் மாறவில்லை. மாறியது என்ன? உட்கார்ந்திருப்பவன் கூலி வாங்குகிறான், அவ்வளவுதான்.

1988ல் புதிய சட்டம் செய்தபோது “சம்பளத்துக்கு ஓட்டுகிறவன்” என்ற சொற்களை எடுத்து விட்டார்கள். நல்லது. ஆனால் அதே சட்டத்தில், சர்க்கார் அங்கீகரித்த ஸ்தாபனத்திடம் சர்ட்டிபிகேட் வாங்கி வந்தவருக்கு வண்டியோட்டும் பரீட்சையிலிருந்தே விலக்குத் தரலாம் என்று ஒரு சலுகை வைத்தார்கள். எந்த வண்டிக்கு? டிரான்ஸ்போர்ட் வண்டி அல்லாத வண்டிக்கு. அதாவது சொந்தக் காருக்கும் சொந்த மோட்டார் சைக்கிளுக்கும். பிழைப்புக்காக வண்டியோட்ட வந்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

எட்டாவது பாஸ்!

2007ல் வந்தது அடுத்த அடி. டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்பவன் குறைந்தது எட்டாவது வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதியைத் திருத்தியது. ஏற்கனவே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே அப்பன் ஓட்டலாம். அப்பனோடு கிளீனராகப் போய்ப் பத்து வருஷம் டயர் கழற்றி, கிரீஸ் போட்டு, ராத்திரி கண் விழித்து வண்டியைப் பழகிய மகன் ஓட்டக் கூடாது.

லாரி கிளீனர் பையன் எந்த வயதில் வண்டி ஏறுகிறான் என்பது நமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. வயல் வேலைக்குப் போகிற குடும்பத்தில் ஐந்தாவதோடு படிப்பு நின்று போகிற காரணமும் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் அவனை இருத்தி வைக்க வக்கில்லாத சர்க்கார், படிக்காத குற்றத்துக்காக அவனை வண்டியிலிருந்து இறக்கி விட்டது. சொந்தக் கார் ஓட்டுகிறவருக்கோ இந்தப் படிப்பு நிபந்தனை கிடையாது. கைநாட்டுப் பேர்வழியானாலும் சொந்தக் காரை ஓட்டலாம். ரோட்டிலுள்ள போர்டைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் சர்க்காரின் கவலையென்றால், அந்தப் போர்டு கார்க்காரருக்கு மட்டும் வாய் திறந்து பேசுமா?

பன்னிரண்டு வருஷம் இந்த விதி இருந்தது. 2019ல் எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதம் மத்திய போக்குவரத்து இலாகா வெளியிட்ட அறிக்கையில் ஹரியானாவின் மேவாத் பிரதேச ஏழைகளைப் பற்றிச் சில நல்ல வார்த்தைகள் இருந்தன. அங்கே படிப்பில்லாவிட்டாலும் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. போக்குவரத்துத் தொழிலில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறை!

விஷயம் அங்கே இருக்கிறது. படிக்காதவனுக்கு ஓட்டத் தெரியும் என்ற உண்மை 2007லும் உண்மைதான். பன்னிரண்டு வருஷம் அது யார் காதிலும் விழவில்லை. சரக்கு தேங்குகிறது, லாரிக்கு ஆள் இல்லை என்றவுடன் காது திறந்தது. விதியை எடுத்ததை நாம் குறை சொல்லவில்லை, எடுத்தது நியாயம். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பிழைப்பிழந்தவனுக்கு யார் பதில் சொல்வது என்றுதான் கேட்கிறோம்.

டெல்லியில் நடந்ததும் இதே ரகம்தான். 2014 ஜூலையில் டெல்லி ஹைகோர்ட் பாட்டரி ரிக்ஷாக்களுக்குத் தடை போட்டது. ஏழை ரிக்ஷாக்காரர்கள் மாதக் கணக்கில் அலைந்தார்கள். 2015 ஜனவரி 7ந் தேதி அவசரச் சட்டம் பிறந்தது. வேறு டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எல்.எல்.ஆர். வேண்டுமானால் ஒரு வருஷமாவது கார் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பாட்டரி ரிக்ஷாவுக்கு வேண்டாம் என்றார்கள். சரியான விலக்கு. ஆனால் பிப்ரவரி 7ந் தேதி டெல்லியில் சட்டசபைத் தேர்தல் என்பதையும் சேர்த்துப் படித்தால் அவசரம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

காதைத் தின்றது யார்?

இப்போது மில் தொழிலாளர்கள் தங்கள் காதைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

தறி ஷெட்டிலும் ரிங் ஸ்பின்னிங் பகுதியிலும் இருபது வருஷம் நின்றவனிடம் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். “என்ன?” என்று இரண்டு தடவை கேட்பான். யந்திர இரைச்சலால் காது போவது தொழில் வியாதி என்பதை சர்க்காரே ஒப்புக் கொண்டிருந்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் அதுவும் ஒன்றாக இருந்தது. மில்லில் ஆட்குறைப்பு வருகிறது. வெளியே தள்ளப்பட்டவன் ஆட்டோ ஓட்டியாவது பிழைக்கலாம் என்று லைசென்ஸ் மனுவை வாங்குகிறான். அந்த மனுவிலே ஒரு கேள்வி: சாதாரண ஒலி சமிக்ஞைகளைக் கேட்க முடியாத அளவுக்கு உனக்குக் காது மந்தமா? உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் இல்லை. பொய் சொன்னால் குற்றவாளி.

நமக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவர் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு மனுவை மடித்துப் பையில் வைத்துக் கொண்டு திரும்பி வந்தார். “காதை மில்லுக்குக் கொடுத்தேன், வாயை இவங்களுக்குக் கொடுக்கணுமா?” என்றார். அதற்கு மேல் நாம் என்ன எழுதுவது?

காது கேளாதவர்களின் சங்கம் கோர்ட்டுக்குப் போய்ப் போராடிய பின், 2011 பிப்ரவரியில் டெல்லி ஹைகோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. காது கேளாதவன் என்ற ஒரே காரணத்துக்காக மனுவை வாசலிலேயே தள்ளி விடக் கூடாது. அவனும் பரீட்சை கொடுக்கட்டும். தேறினால் லைசென்ஸ் கொடு என்பது அதன் சாரம். நிறக் குருடு என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இன்னும் காலதாமதமாகத்தான் வழி பிறந்தது. லேசான, நடுத்தரமான நிறக் குறைபாடு இருந்தால் தடையில்லை என்று டாக்டர்களின் யோசனையின் மேல் விதி திருந்தியது 2020 ஜூனில்.

இவைதான் உண்மையான விதிவிலக்குகள். மனிதனைப் பார்த்து, அவனுடைய திறமையைச் சோதித்துப் பார்த்துத் தருகிற விலக்குகள். இவை ஒவ்வொன்றுக்கும் மனுப் போட்டு, கோர்ட்டுப் படியேறி, வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பணக்காரருக்கு வேண்டிய விலக்கு இப்படி வாசலில் நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஒரு வார்த்தைக்காகப் பணத்தை மறுத்தவர்கள்

கிராமத்து விவசாயத் தொழிலாளர்களுக்குக் “குட்டி யானை” தெரியும். நெல் மூட்டையும் வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிப் போகிற சின்ன சரக்கு வண்டி. அப்படிப்பட்ட வண்டி ஒருவர் மேல் மோதி அவர் இறந்து விடுகிறார். மனைவி நஷ்ட ஈடு கேட்டு ட்ரிபியூனலுக்குப் போகிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து என்ன சொல்கிறார்? “டிரைவரிடம் லைசென்ஸ் இருக்கிறது. லேசு ரக வண்டிக்கான லைசென்ஸ்தான். வண்டியும் லேசு ரகம்தான். ஆனால் லைசென்சில் ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற வார்த்தை இல்லை. ஆகவே பணம் கொடுக்க மாட்டோம்.”

பிரீமியம் வாங்கும்போது எந்த வார்த்தையையும் தேடாதவர்கள், பணம் கொடுக்கும்போது பூதக் கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள்!

7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு லேசு ரக லைசென்ஸ் போதும், தனி எழுத்து தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் 2017ல் சொன்னார்கள். கம்பெனிகள் விடவில்லை. விவகாரம் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சுக்குப் போயிற்று. 2024 நவம்பர் 6ந் தேதி அந்த பெஞ்சும் அதையே உறுதி செய்தது. இப்படிப்பட்ட லைசென்ஸ்காரர்கள் டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டுவதால்தான் விபத்துக்கள் பெருகுகின்றன என்று காட்ட எந்தப் புள்ளி விவரமும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். ஏழு வருஷம் கோர்ட்டில் இழுத்தடித்தவர்களிடம் ஒரு புள்ளி விவரம் கூட இல்லை! இந்தத் தீர்ப்பைக் குட்டி யானை ஓட்டும் ஒவ்வொரு தோழரும், அவருடைய வீட்டாரும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். இன்னமும் அந்தப் பழைய பாட்டைப் பாடும் வக்கீல் வந்தால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள். கனரக வண்டிக்கும் ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கும் தனி விதிகள் நீடிக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

விலைக்குக் கிடைக்கும் விலக்கு

இனி நடப்பு விஷயத்துக்கு வருவோம். 2021 ஜூன் 7ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஜூலை முதல் தேதி அது அமலுக்கு வந்தது. அதன்படி “அங்கீகரிக்கப்பட்ட டிரைவர் பயிற்சி மையம்” என்று ஒன்று. அங்கே பணம் கட்டிப் பயிற்சி பெற்று, அவர்கள் வைக்கும் சோதனையில் தேறி, அவர்கள் தரும் சர்ட்டிபிகேட்டைக் கொண்டு வந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியோட்டிக் காட்ட வேண்டாம். பரீட்சையிலிருந்து விலக்கு!

2024 ஜூன் முதல் எவருமே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டாம் என்று சில பத்திரிகைகள் எழுதி ஜனங்களைக் குழப்பின. அது உண்மையல்ல. லைசென்ஸ் கொடுப்பது இன்னும் ஆர்.டி.ஓ.தான். தெருமுனையில் ஒரு பழைய காரை வைத்துக் கொண்டு நடத்துகிற சாதாரண டிரைவிங் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டுக்கும் இந்த விலக்கு இல்லை. மேலே சொன்ன அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு மட்டுமே உண்டு.

அந்த அங்கீகாரம் யாருக்குக் கிடைக்கும்? கார் பழக்கும் மையத்துக்கு ஒரு ஏக்கர் நிலம் வேண்டும். லாரி, பஸ் பழக்க இரண்டு ஏக்கர். பரீட்சை ரோடு போட வேண்டும். சினிமா மாதிரி திரையில் ரோட்டைக் காட்டி ஓட்டப் பழக்கும் யந்திரம் வாங்கி வைக்க வேண்டும். தெருமுனை டிரைவிங் ஸ்கூல்காரனால் இதெல்லாம் ஆகுமா? நிலமும் மூலதனமும் உள்ள கம்பெனிகளுக்குத்தான் ஆகும். வண்டியை உற்பத்தி செய்கிற கம்பெனியே மையம் வைக்கலாம் என்றும் வழி விட்டிருக்கிறார்கள். வண்டியை விற்பதும் அவர்கள், ஓட்டப் பழக்குவதும் அவர்கள், தேறினான் என்று எழுதிக் கொடுப்பதும் அவர்கள்!

நல்ல பயிற்சி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், அவசியம் வேண்டும். கார் பழக நாலு வாரத்துக்குள் 29 மணி நேரம், லாரி பழக ஆறு வாரத்துக்குள் 38 மணி நேரம் என்று பாடம் வகுத்திருப்பதில் தப்பில்லை. அரைகுறையாய்ப் பழகியவனை ராத்திரி முழுக்க லாரி ஓட்ட வைப்பதை நாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை. செத்துப் போவது நமது ஆட்கள்தான். ஆனால் பயிற்சி ஒன்று, பரீட்சை வேறொன்று. பாடம் சொல்லிக் கொடுப்பவனே பரீட்சை வைத்து, அவனே மார்க்குப் போட்டு, பீஸையும் அவனே வாங்கிக் கொண்டால், பீஸ் கட்டியவனைப் பெயிலாக்க அவனுக்கு எப்படி மனம் வரும்?

ஆர்.டி.ஓ. ஆபீசுகளில் லஞ்சம் இருக்கிறது, புரோக்கர்கள் இருக்கிறார்கள், அதை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றும் ஒரு வாதம் உண்டு. லஞ்சம் இருக்கிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கொடுத்துக் கொடுத்துக் கை தேய்ந்தவர்கள் நாம். லஞ்சம் வாங்குகிறவனைப் பிடித்து உள்ளே தள்ளு. கூடுதலாக இன்ஸ்பெக்டர்களைப் போடு. பரீட்சையை எல்லோரும் பார்க்கும்படி நடத்து. அதை விட்டுப் பரீட்சையையே தனியாரிடம் தூக்கிக் கொடுப்பது மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. நேற்று வரை காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று ஆள் பிடித்தவன் புரோக்கர். ஒரு ஏக்கர் நிலமும் ஒரு போர்டும் இருந்தால் அவனுக்கு வேறு பெயர்.

கூலிக்காரன் நிலையிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷிப்டு வேலையை விட்டு நாலு வாரத்தில் 29 மணி நேரம் மையத்துக்குப் போக வேண்டும். போகிற மணிக்குக் கூலி இல்லை. பீஸ் வேறு. அது முடியாதவன் ஆர்.டி.ஓ. மைதானத்துக்கே போவான். 2016 டிசம்பரில் உயர்த்திய விகிதப்படி பரீட்சைக்கு 300 ரூபாய், லைசென்சுக்கு 200 ரூபாய் கட்டுவான்; கால் தரையில் பட்டு எட்டு தப்பினால் இன்னொரு நாள் கூலியையும் இழந்து திரும்பி வருவான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முன்பு 500 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்தில் அதை 5,000 ஆக்கினார்கள். அபராதத்தைப் பத்து மடங்காக்கத் தெரிந்தவர்களுக்கு இலவசப் பயிற்சிப் பள்ளியைப் பத்து மடங்காக்கத் தெரியவில்லை.

இன்னொரு கொடுமையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். டிரான்ஸ்போர்ட் லைசென்சை ஐந்து வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். 2019க்கு முன்னால் மூன்று வருஷம்தான். காலாவதியாகி ஐந்து வருஷம் வரை பரீட்சையில்லாமல் புதுப்பிக்கலாம் என்று இருந்ததை அதே 2019 திருத்தம் ஒரு வருஷமாகக் குறைத்தது. டிரைவர் காசநோயில் படுத்தான், அல்லது வேலையில்லாமல் வெளியூர் போய்க் கல் உடைத்தான், ஒரு வருஷம் தாண்டி விட்டது. இருபத்தைந்து வருஷம் பஸ் ஓட்டிய மனிதன் மறுபடியும் மைதானத்தில் நின்று ஓட்டிக் காட்ட வேண்டும். நேற்று ஸ்டியரிங்கைத் தொட்டுப் பணம் கட்டி 29 மணி நேரம் பழகியவர் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. எந்த ஊர் நியாயம் இது?

ஆகவே நாம் கோருவது இது. காசு கட்டியதற்காக யாருக்கும் பரீட்சையில் விலக்குக் கூடாது. எல்லோரும் சர்க்கார் பரிசோதகர் முன்னிலையில் ஓட்டிக் காட்டட்டும். நல்ல பயிற்சியை ஐ.டி.ஐ.க்களிலும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களிலும் கொடு. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அந்த மாதிரிப் பள்ளி மாவட்டத்துக்கு ஒன்று ஏன் வரக் கூடாது? கிளீனராகவும் டிராக்டர் உதவியாளாகவும் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே இலவசமாகக் கற்றுக் கொடு. பழகுகிற நாட்களுக்குப் படி கொடு. டாக்டர் சர்ட்டிபிகேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் எழுதிக் கொடு. நோயில் படுத்ததால் லைசென்ஸ் காலாவதியான பழைய டிரைவருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து விலக்குக் கொடு. மில் இரைச்சலில் காது மங்கியவனை மனுவைப் பார்த்துத் தள்ளாமல் வண்டியில் உட்கார வைத்துச் சோதித்துப் பார்.

மனுவோடு சேர்த்துக் கொடுக்க ஆதாரங்கள் வேண்டும். காது, கண் குறையைச் சொல்லி லைசென்ஸ் மறுக்கப்பட்ட தோழர்கள், எட்டாவது தேறாததால் 2007க்கும் 2019க்கும் இடையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், புதுப்பிக்கத் தாமதமாகி மறுபடி பரீட்சைக்கு இழுக்கப்பட்டவர்கள் தங்களிடமுள்ள காகிதங்களின் நகலோடு அவரவர் ஊர் யூனியன் ஆபீசிலோ விவசாயத் தொழிலாளர் சங்க ஆபீசிலோ இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும். எழுதிக் கொள்ள ஆபீசில் மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் இருப்பார்.